பீர் ஹலீமாவில் எத்தனை பேர்

14 அக்டோபர் 1973, ஞாயிறு

காலையில் ஜான்-டலோன் சந்தை. கத்தரிக்காய் நன்றாக இருந்தது, விலையும் பரவாயில்லை. மனைவி சியாமளாவோடு போனால் காய் வாங்கும் நேரத்தைவிடப் பேச்சு நேரம்தான் அதிகம். அவள் போவதே சால்வத்தோரேயைப் பார்க்கத்தான். தக்காளி விற்கும் இந்த இத்தாலிக்காரர் 1941-இல் லிபியப் பாலைவனத்தில், பீர் ஹலீமா என்ற கோட்டையில் பிரிட்டிஷ் படையிடம் பிடிபட்டவர். அவரையும் அவருடைய ஊர்க்காரர்கள் சிலரையும் இரண்டு வருடமாக இவள் விடுவதாக இல்லை. கோட்டைக்குள் எத்தனை கூடாரம், ஒரு கூடாரத்தில் எத்தனை பேர் படுத்தார்கள், ஒரு நாளைக்கு எத்தனை ரொட்டி சுட்டார்கள்? டாக்டர் பட்டத்துக்கு அவள் எடுத்துக்கொண்ட விஷயமே இதுதான். அந்தச் சண்டையில் உள்ளே எத்தனை பேர் இருந்தார்கள், எத்தனை பேர் கைதானார்கள் என்று புள்ளியியல் வழியில் கணிப்பது.

மாலைச் செய்தியில் சினாய்ச் சண்டை. எகிப்து ஒரு கைதிக் கணக்குச் சொல்கிறது, இஸ்ரேல் வேறொன்று சொல்கிறது. "ரெண்டையும் கூட்டி ரெண்டால வகுத்துட்டா போச்சு" என்றேன். "நீங்க விமானத்துக்கு இறக்கை அப்படித்தான் செய்யறீங்களா?" என்றாள். பிரெஞ்சு பேசும் இந்தப் பனி ஊரில், சென்ட் லோரன்ட்டில் ஆறு வருடமாக விமான உதிரிபாகம் வரைந்து பிழைக்கிறவன் நான். வாயை மூடிக்கொண்டேன்.

3 நவம்பர் 1973

இன்று எனக்குப் பாடம் எடுத்தாள். கொண்டைக்கடலை டப்பாவைத் திறந்து ஒரு கைப்பிடி எடுத்தாள், ஒவ்வொன்றிலும் மை வைத்தாள், திரும்பப் போட்டுக் குலுக்கினாள். பிறகு இன்னொரு கைப்பிடி. அதில் பத்துக்கு ஒன்றில் மை இருந்தது. "அப்போ டப்பாவுல என் முதல் கைப்பிடி மாதிரி பத்து மடங்கு இருக்கு. ஏரியில மீன் எண்ணறவங்க இப்படித்தான் எண்ணுவாங்க." நம்பாமல் டப்பாவைக் கொட்டி எண்ணினேன். கிட்டத்தட்டச் சரி. ஒரு மணி நேரம் வீணாய்ப் போனதுதான் மிச்சம், கடலையும் சுண்டலுக்கு ஆகாது.

பீர் ஹலீமாவில் அவளுக்கு இரண்டு கைப்பிடி கிடைத்திருக்கிறது. கைதிகளுக்கு வைத்தியம் பார்த்த ஆஸ்பத்திரியின் பெயர்ப் பட்டியல் ஒன்று. 'என் மகன் எங்கே' என்று இத்தாலியக் குடும்பங்கள் ஒரு நிவாரணச் சங்கத்துக்கு எழுதிய விசாரணைகள் இன்னொன்று. இரண்டிலும் இருக்கும் பெயர்கள்தான் மை வைத்த கடலை.

இந்தச் சண்டையை அவள் எடுத்ததற்குக் காரணம் என் அப்பா. கல்யாணத்துக்கு மறுநாள் குடியாத்தம் வீட்டில் அப்பா வழக்கம்போல் ஆரம்பித்தார். கண்ணிவெடி எடுப்பது, வேலி போடுவது என்று இருந்த சாப்பர் படையில் ஹவில்தாராக இருந்தபோது, பீர் ஹலீமாவில் எட்டாயிரம் கைதிகளை எண்ணியவர் அவர். பின்னால் சுபேதார் ஆனார். சுபேதார் அருணகிரியின் எட்டாயிரம் எங்கள் வீட்டில் எல்லோருக்கும் மனப்பாடம், எல்லோரும் மெதுவாக எழுந்து போய்விட்டார்கள். புதுப்பெண் மட்டும் கடைசிவரை உட்கார்ந்து கேட்டாள். "மாமா இருந்த சண்டையையே எடுத்துக்கறேன்" என்று இங்கே பேராசிரியரிடம் சொன்னபோது அவள் முகத்தில் இருந்த சந்தோஷம் எனக்கு நினைவிருக்கிறது.

19 ஜனவரி 1974

ஐயாயிரம் வந்திருக்கிறது. புத்தகங்களில் எல்லாம் எட்டாயிரம். "எங்கயோ தப்புப் பண்ணியிருக்கேன்" என்று முதலிலிருந்து ஆரம்பித்துவிட்டாள்.

16 பிப்ரவரி 1974

தப்பு இல்லை. இந்தத் தடவை வேறு வழி. விமானத்திலிருந்து எடுத்த படத்தில் கூடாரங்களை எண்ணி, ரொட்டி அடுப்புகளின் கொள்ளளவைப் போட்டு, செத்தவர்களையும் தப்பியவர்களையும் கழித்துப் பார்த்தாள். மறுபடி ஐயாயிரத்துச் சொச்சம்.

"அப்போ அப்பா கணக்கு?" என்று கேட்டேன். பேனாவை மூடி வைத்தாள். புத்தகங்களில் இருக்கும் எட்டாயிரம் அப்பா எண்ணிக் கொடுத்த எட்டாயிரம்தானே.

7 மார்ச் 1974

ஆய்வுக் குழுவில் பேராசிரியர் பூஷார் என்று ஒரு போர் வரலாற்றுக்காரர். இன்று அவளை நன்றாகக் கடைந்துவிட்டார். நோயாளியின் குடும்பம்தான் அதிகமாக விசாரித்து எழுதும், அதனால் இரண்டு பட்டியலிலும் ஒரே பெயர்கள் அதிகம் வரும், உங்கள் விடை குறைவாகத்தான் வரும் என்றாராம். கூடாரக் கணக்கும் ஊகம்தான் என்றாராம். கடைசியாக ஒன்று: "மூவாயிரம் பேர் மணலில் இருந்து முளைக்க மாட்டார்கள், மதாம். இல்லாத மூவாயிரம் பேரை ஒரு ராணுவம் எப்படி எண்ணியது என்று சொல்லுங்கள். முடியாவிட்டால் பழைய எண்ணே நிற்கட்டும்."

நானாக இருந்தால் கதவை அறைந்து சாத்திவிட்டு வந்திருப்பேன். இவள் குளிர் அங்கியைக்கூடக் கழற்றாமல், "ரொம்ப சரியான கேள்விங்க" என்று எனக்கு அதை விளக்குகிறாள். என்ன பெண் இவள்!

11 மே 1974, சனி

அப்பா வந்துவிட்டார். அம்மா போன பிறகு குடியாத்தத்தை விட்டு அவர் கிளம்புவது இதுதான் முதல் தடவை. செப்டம்பர் வரை இருப்பார். டோர்வால் விமான நிலையத்தில் அறுபத்தெட்டு வயதுக்காரர் என்று யாரும் சொல்ல முடியாது, முதுகு அப்படி நிமிர்ந்திருந்தது. மீசை மட்டும் வெள்ளை. தகரப் பெட்டியை என்னைத் தொடவிடவில்லை.

சியாமளா என்ன படிக்கிறாள் என்று கேட்டார். "கணக்குப்பா" என்றேன். அதற்கு மேல் சொல்ல நாக்கு எழவில்லை.

19 மே 1974, ஞாயிறு

புவாண்ட்-கிளேரிலிருந்து நண்பர் டாக்டர் நாகசுப்பிரமணியன் குடும்பத்தோடு சாப்பிட வந்திருந்தார். வெளியில் இன்னும் குளிர் விடவில்லை. அப்பா பீர் ஹலீமாவை ஆரம்பித்தார். "எட்டாயிரத்து நூத்திப் பன்னெண்டு. என் கணக்கு. ஒரு ஆள் தப்பாது." டாக்டர் கை தட்டினார். வேலூரில் வருடா வருடம் ஜனவரியில் பழைய படைவீரர்கள் கூடுவார்கள், முன்வரிசையில் நாற்காலி போட்டு 'எட்டாயிரம் பேரை எண்ணியவர்' என்று அப்பாவை அறிமுகம் செய்வார்கள், அதையும் அப்பாவே சொன்னார். சொல்லும்போது அவர் முகம் எப்படி மலர்கிறது! அம்மா போன பிறகு அவருக்கு மிச்சம் இருப்பது அந்த நாற்காலி ஒன்றுதானோ என்று தோன்றியது.

ரசக் கிண்ணத்தோடு நின்ற சியாமளா சமையலறைக்குள் போய்விட்டாள்.

2 ஜூன் 1974

சண்டை. எங்களுக்குள்.

அப்பா ஊர் திரும்பட்டும், பிறகு எழுதிக்கொள், அவர் உன் ஆய்வைப் படிக்கவா போகிறார் என்றேன். அவள் கத்தவில்லை, கத்தியிருந்தால் தேவலை. "அவர் கணக்கு தப்புன்னு ஊருக்கெல்லாம் சொல்லிட்டு, அவர்கிட்ட மட்டும் சிரிச்சுப் பேசணுமா? எனக்கு அது வராதுங்க."

வராதாம். எனக்கு நன்றாக வருகிறதே! மூன்று வாரமாக அதைத்தானே செய்துகொண்டிருக்கிறேன்.

8 ஜூன் 1974, சனி

சொல்லிவிட்டாள்.

காலைக் காபிக்குப் பிறகு, அப்பாவுக்கு எதிரே உட்கார்ந்து, சுற்றி வளைக்காமல். இரண்டு வழியிலும் ஐயாயிரம்தான் வருகிறது என்று. அப்பா முழுக்கக் கேட்டார். "நான் பொய் சொன்னேங்கறியாம்மா?"

"இல்ல மாமா. நீங்க பொய் சொல்ல மாட்டீங்க. ஆனா கணக்கு ஒத்து வரலை."

அப்பா எழுந்து செருப்பை மாட்டிக்கொண்டு வெளியே போய்விட்டார். மழை வேறு. நான் குடையோடு பின்னால் ஓடினேன், திரும்பிக்கூடப் பார்க்கவில்லை மனுஷன். ரெண்டு பேர் மேலயும் எனக்குக் கோபம். கோபம்னு சொல்றேன், பயம்தான். அப்பா உடைஞ்சு போயிடுவாரோ? இவ படிப்பை விட்டுடுவாளோ? நான் யார் பக்கம் பேசறது — யாராவது சொல்லுங்களேன்.

9 ஜூன் 1974

அப்பா பேசவில்லை. இவள் கெஞ்சவும் இல்லை.

11 ஜூன் 1974, செவ்வாய்

இதை ஒழுங்காக எழுத வேண்டும்.

நான் வேலையிலிருந்து வந்தபோது அப்பா சாப்பாட்டு மேசையில் தனியாக உட்கார்ந்திருந்தார். சியாமளா போய் எதிரே உட்கார்ந்தாள். "மாமா, ஒண்ணே ஒண்ணு கேக்கணும். நீங்க எப்படி எண்ணினீங்க?"

"எப்படின்னா?"

"நீங்க எங்க நின்னீங்க, அவங்க எப்படி வந்தாங்க. எல்லாமே சொல்லுங்க."

அப்பா நாற்காலியை முன்னுக்கு இழுத்துக்கொண்டார். எட்டாயிரத்தைக் கேட்டுக் கை தட்டியவர்கள் எத்தனையோ பேர். எப்படி எண்ணினாய் என்று ஒருவர்கூடக் கேட்டதில்லை, பெற்ற பிள்ளை நானும்தான். மேசையில் விரலால் கோடு போட்டுக் காட்ட ஆரம்பித்தார், குரல் மெல்லத் திரும்பி வந்தது.

கோட்டை விழுந்த காலை. வெட்டவெளியில் முள்கம்பி வேலி போட்டுக் கைதிகளை உள்ளே விடச் சொல்லி உத்தரவு. எண்ணவும் சொன்னார்கள். பிடிபட்டவர்களுக்கு இரண்டு நாளாகத் தண்ணீர் இல்லை, உதடு வெடித்து ரத்தம். அப்பா வேலி வாசலில் தண்ணீர் டிரம்களை வைத்தார். உள்ளே வருகிற ஒவ்வொருவனுக்கும் ஒரு குவளை. ஒரு குவளைக்கு ஒரு கோடு என்று பக்கத்தில் ஒரு சிப்பாய் பலகையில் கரியால் போட்டுக்கொண்டே வந்தான். சாயங்காலம் அதிகாரி வந்து கோடுகளைக் கூட்டி மேலே அனுப்பினார்.

"குடிச்சிட்டு எங்க போனாங்க மாமா?"

"உள்ள."

"உள்ள போய்?"

அப்பாவின் விரல் மேசையில் நின்றது. நான்காவது பக்கத்துக்குக் கம்பி போதவில்லையாம், மூன்று பக்கம்தான் வேலி. ஓடினால்தான் என்ன, சுற்றிலும் மணல். அதனால் யாரும் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை.

"ஓடியிருக்க மாட்டாங்க மாமா. சுத்தி வந்தாங்களா?"

"வந்தாங்க" என்றார் அப்பா. கோபம் ஏறிவிட்டது. "சுத்தி வந்து திரும்ப வரிசையில நின்னாங்க. எனக்குத் தெரியாதுன்னு நெனச்சியா? காலைல பார்த்த மூஞ்சி மத்தியானம் தெரியாதா? தண்ணின்னு கைய நீட்டறவன்கிட்ட, நீ அப்பவே குடிச்சிட்டே, போடான்னு சொல்லணுமா? எதிரியா இருந்தா என்ன, தண்ணியாச்சே. அது நம்ம பழக்கமா? ஊத்துடான்னேன். ஊத்தினாங்க."

"அதுக்கும் கோடு போட்டாங்களா?"

"குவளைக்கு ஒரு கோடு, அதான் சொன்னேனே, ஒவ்வொரு குவளைக்கும்—"

அங்கேயே நின்றுவிட்டார். முப்பத்து மூன்று வருடமாக இரண்டும் அவருக்குத் தெரியும். ஒரே ஆள் திரும்பத் திரும்ப வந்தான் என்பதும், குவளைக்கு ஒரு கோடு என்பதும். இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்க இன்றுவரை அவருக்கு அவசியமே வந்ததில்லை.

சியாமளா துள்ளிக் குதிப்பாள் என்று நினைத்தேன். அவளுக்கு வேண்டிய மூவாயிரம் பேர் கிடைத்துவிட்டார்களே! அவளோ, "மாமா, நீங்க சொன்னதை அப்படியே நான் எழுத முடியாது. நீங்க என் மாமனார், யாரும் நம்ப மாட்டாங்க. அந்தப் பக்கம் இருந்தவங்களைக் கேக்கணும். நீங்க என்கூட வரக்கூடாது, ஒரு வார்த்தையும் அவங்களுக்குத் தெரியக்கூடாது" என்றாள்.

"எங்க கமாண்டர்கூட என்கிட்ட இப்படிப் பேசினதில்லடா" என்று அப்பா என்னைப் பார்த்துச் சொன்னார். நான்கு நாளில் அவர் சிரித்தது இப்போதுதான்.

15 ஜூன் 1974, சனி

சந்தை. கூடை தூக்க என்னை அழைத்துப்போனாள், வாயைத் திறக்கக் கூடாது என்ற நிபந்தனையோடு.

சால்வத்தோரேயிடம் தண்ணீர் என்ற பேச்சையே எடுக்கவில்லை. பிடிபட்ட அன்று காலையிலிருந்து என்னென்ன நடந்தது, நினைவிருப்பதை எல்லாம் சொல்லுங்கள் என்றாள், அவ்வளவுதான். அவளுடைய தட்டுத்தடுமாறும் பிரெஞ்சும் அவருடைய பிரெஞ்சும் ஒரே தரம், அதனால் எனக்கும் புரிந்தது. துப்பாக்கியைப் போட்டது, கையைத் தூக்கியது, நடந்தது. அப்புறம் தண்ணீர். மூன்று தடவை போனேன் என்றார். மூன்றாம் தடவை அந்த மீசைக்கார சார்ஜென்ட் நேராக என் முகத்தைப் பார்த்தார், அடி விழப் போகிறது என்று நினைத்தேன், குவளை வழியும்வரை ஊற்றச் சொன்னார் என்றார்.

அவர்கள் ராணுவத்தில் சார்ஜென்ட் என்றால் நம் ஹவில்தார்தான். நான் கத்தரிக்காய்ப் பக்கம் திரும்பிக்கொண்டேன். சியாமளா முகத்தில் ஒன்றும் காட்டாமல் எழுதிக்கொண்டிருந்தாள். பிறகு அவருடைய ஊர்க்காரர்கள் சீட்டாடும் காபிக்கடைக்குப் போய் ஒவ்வொருவரையும் தனித்தனியே, ஒருவர் சொல்வது அடுத்தவர் காதில் விழாதபடி கேட்டாள். மொத்தம் பதினொரு பேர். ஆறு பேர் ஒரு தடவைக்கு மேல் குடித்தவர்கள்.

காரில் வரும்போது சராசரி போட்டாள். ஒருவருக்கு ஒன்றரைக் குவளைக்குச் சற்று மேல். ஐயாயிரத்தை அதால் பெருக்கினால் எங்கே வந்து நிற்கிறது என்று எனக்கே தெரிந்தது. "ரொம்ப அழகா ஒத்து வருது, அதான் பயமா இருக்கு" என்றாள். பதினொரு பேர்தான், கிழவர்களின் ஞாபகம், நிரூபணம் என்று எழுத மாட்டேன் என்றாள். இந்த நேர்மையைப் பார்த்து நான் அசந்துபோகிறேன், அவளிடம் சொன்னால் நம்பமாட்டாள்.

16 ஜூன் 1974

மீசைக்கார சார்ஜென்ட்டைப் பற்றி அப்பாவிடம் சொன்னாள். அப்பா மீசையைத் தடவிக்கொண்டார். பிறகு, "அந்தாளு இப்ப என்ன விக்கறாரு?" என்று கேட்டார்.

22 ஜூன் 1974, சனி

இப்போது தடை இல்லை என்று சியாமளா அனுமதி கொடுத்தாள். அப்பா கோட்டுப் போட்டு டையும் கட்டிக்கொண்டு சந்தைக்கு வந்தார். இரண்டு கிழவர்களுக்கும் பொது மொழி கிடையாது. சால்வத்தோரே அப்பாவின் மீசையைப் பார்த்தார், சியாமளாவைப் பார்த்தார், கடையை விட்டு இறங்கி வந்து அப்பாவின் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டார். அப்புறம் ஆள் நிறுத்தாமல் தக்காளியை எடுத்துப் பையில் போட ஆரம்பித்துவிட்டார். பிடிபட்ட பிறகு ஐந்து வருடம் பெங்களூர் கைதி முகாமில் இருந்தாராம், அப்பா கையைக் குறுக்கே நீட்டியதும் "போதும், போதும்" என்று அங்கே கற்ற தமிழில் சொல்லிக்கொண்டே இன்னும் போட்டார். இரண்டு வாரத்துக்கு எங்கள் வீட்டில் தக்காளிச் சாதம்தான்.

31 ஆகஸ்ட் 1974

ஆய்வில் உங்கள் பெயரைப் போடட்டுமா, 'ஒரு ஹவில்தார்' என்று மட்டும் எழுதட்டுமா என்று சியாமளா கேட்டாள். அப்பா யோசிக்கவே இல்லை. "பேரைப் போடு. ரேங்க்கையும் போடு. பதவி இல்லாம பேரைப் போட்டா மரியாதை இல்ல."

ஐயாயிரத்துக்குப் பக்கத்தில் தன் பெயர் வரப்போகிறது என்று அவருக்குத் தெரியும்.

14 செப்டம்பர் 1974

அப்பாவை வழியனுப்பிவிட்டு வந்தோம். வேலூர் கூட்டத்தைப் பற்றி அவர் பேசவில்லை. நாங்களும் கேட்கவில்லை. அங்கே அவர் என்ன சொல்லிக்கொண்டால் என்ன, அது அவர் நாற்காலி என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.

24 அக்டோபர் 1974, வியாழன்

டாக்டர் சியாமளா.

பின்வரிசையில் உட்கார எனக்கும் அனுமதி. பூஷார் கேட்பதற்கு முன்பே ஓட்டை எல்லாவற்றையும் இவளே எடுத்து வைத்தாள். சாட்சிகள் பதினொரு பேர்தான், எண்ணியவர் என் மாமனார், இரண்டையும் முதல் பக்கத்திலேயே எழுதியிருக்கிறேன் என்றாள். விடை ஒற்றை எண் கிடையாது, நாலாயிரத்து எண்ணூறுக்கும் ஐயாயிரத்து ஐந்நூறுக்கும் நடுவில் எங்கோ என்றாள். பூஷார் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். எட்டாயிரம் என்று நான் மூன்று புத்தகத்தில் எழுதியிருக்கிறேன், மூன்றையும் திருத்த வேண்டும் என்று சொல்லி எழுந்து வந்து கை குலுக்கினார். அவரும் பெரிய மனிதர்தான்.

வீட்டுக்கு வந்ததும் சேமியா பாயசம் வைத்தேன். அடி பிடித்துவிட்டது. முழுவதும் சாப்பிட்டாள்.

8 பிப்ரவரி 1975, சனி

வெளியே பனி முழங்கால் வரை. தங்கை ரமாவிடமிருந்து கடிதம். இந்த வருடம் வேலூர் கூட்டத்துக்கு அப்பாவை அவள்தான் அழைத்துப் போனாளாம். சியாமளா மாணவர்களின் விடைத்தாள் திருத்திக்கொண்டிருந்தாள், அவளுக்கு வாசித்துக் காட்டினேன்.

வழக்கம்போல் முன்வரிசை நாற்காலி, வழக்கம்போல் அறிமுகம். எட்டாயிரம் என்றதும் கைதட்டல். அப்பா எழுந்து மைக்கை வாங்கினாராம். "அது ஐயாயிரம்தான். எட்டாயிரம்னு நான் கொடுத்தது தண்ணி ஊத்தின கணக்கு. நின்னு எண்ணினவன் நான். பார்க்காமலே கண்டுபிடிச்சது என் மருமக, டாக்டர் சியாமளா. இனிமே சரியாச் சொல்லுங்க." பின்வரிசையிலிருந்து யாரோ ஒரு கிழவர் கை தட்ட ஆரம்பித்தாராம், பிறகு எல்லோரும். அப்பா முன்வரிசைக்கே திரும்பி வந்து, கால்மேல் கால் போட்டு உட்கார்ந்துகொண்டாராம்.

சியாமளா இன்னொரு தடவை வாசிக்கச் சொன்னாள். வாசித்தேன்.

"ஐயாயிரம்னா சொன்னார்?" என்றாள். "நாலாயிரத்து எண்ணூறுலேர்ந்து ஐயாயிரத்து ஐந்நூறு வரைக்கும்னு சொல்லியிருக்கணும்."

சொல்லிவிட்டு விடைத்தாளைக் குனிந்து பார்த்தாள். அதன் மேல் இரண்டு சொட்டு விழுந்து மை கலைந்தது. நான் கவனிக்காதவன் மாதிரி கடிதத்தின் மிச்சத்தை வாசித்தேன். ரமா வீட்டுக்குச் சுண்ணாம்பு அடிக்கிறார்களாம், மாம்பூ நன்றாகப் பிடித்திருக்கிறதாம்.